என் கம்பெனியில் யாரும் வேலை செய்யவில்லை

நாலு பேருக்கு வேலை கொடுத்துவிட்டால் பெரிய மனிதனாகிவிடலாம் என்று நினைப்பவனைப் போன்ற அசடு ஊரில் கிடைக்க மாட்டான். எங்கள் கிருமாம்பாக்கத்தில் அந்தப் பதவியைக் கொஞ்ச காலம் நான் வகித்தேன்.

கடலை மிட்டாய் கம்பெனி வைத்திருந்தேன். (கம்பெனி என்பது விசிட்டிங் கார்டில். நேரில் வந்தால் தகரக் கொட்டகை.) உள்ளூர் ஆட்கள் பத்துப் பேருக்காவது வேலை கொடுத்தால், கட்டிய வரியில் ஒரு பகுதியை அரசாங்கம் திருப்பித் தரும் என்று கேள்விப்பட்டேன். உடனே மனு போட்டேன். அந்தப் பணம் வந்தால் கடலை வறுக்க மெஷின் வாங்கலாம். வராவிட்டால் காலம் முழுக்க வாணலி முன்னால் நான்தான் வேக வேண்டும். சம்பளத்துக்கு இருந்தவர்கள் சரியாகப் பத்துப் பெண்கள், என் மனைவி மல்லிகாவையும் சேர்த்து.

மனுவை விசாரிக்க ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொற்பொழிவாற்றினேன்.

"நாளைக்கு கவர்மெண்ட்டு ஆபீசர் வராரு. இன்னா வேல செய்றீங்க, இன்னா சம்பளம் வாங்குறீங்கன்னு கேட்டு எழுதிக்கினு போவாரு. பயப்படாம சொல்லுங்க."

எதற்காக எழுதுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வரிச் சலுகையெல்லாம் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற திமிர்.

மறுநாள் ஆபீசர் வந்தார். முதலில் உட்கார்ந்திருந்த செல்வியிடம், "இங்க எவ்ளோ நாளா வேலை செய்றீங்கம்மா?" என்றார்.

கையில் இருந்த மிட்டாயைச் சுற்றிக்கொண்டே செல்வி சொன்னாள்: "வேலையா? சும்மா பேசிக்கினு இருக்கலாம்னு வந்தேன் சார்."

அடுத்து அஞ்சலை. "மழைக்கு ஒதுங்குனேன்." வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெரசா மிட்டாய் வாங்க வந்தாளாம். (தலையில் கம்பெனி தொப்பி.)

"இன்னா செல்வி இது?" என்று குனிந்து கெஞ்சினேன்.

"சம்பளம் வாங்குறேன்னு எழுதிக்கினு போனா செவப்பு கார்ட புடுங்கிக்கினு மஞ்ச கார்டு குடுத்துருவாங்கண்ணா. அப்பால அரிசி நீ போடுவியா?" என்று கிசுகிசுத்தாள்.

சிவப்பு ரேஷன் கார்டு ஏழைக்கு, மஞ்சள் வசதியானவனுக்கு. வேலை கொடுத்தால் எனக்குப் பரிசாம், வேலை செய்தால் அவளுக்கு அபராதமாம். இரண்டும் ஒரே அரசாங்கம்! இது கூடத் தோன்றாத மண்டைக்கு விசிட்டிங் கார்டு ஒரு கேடு.

மிச்சம் இருந்தவர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். கடைசி நம்பிக்கை மல்லிகா. கட்டிய மனைவி கைவிடுவாளா?

"நீங்கம்மா?" என்றார் ஆபீசர்.

மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பக்கத்து வூடு சார். இவுரு யாருன்னே எனக்குத் தெரியாது."

எங்கள் வீட்டு கார்டும் சிவப்புதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவமானத்தில் வாணலிக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

"ஒரு ஆளு கூட இல்லாம கம்பெனி நடத்துறீங்களே, பெரிய விஷயம் சார்" என்று பாராட்டிவிட்டு, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஆபீசர் கிளம்பினார். சலுகையும் மெஷினும் அவரோடு ஜீப் ஏறிப் போய்விட்டன.

இப்போதும் வீட்டில் நான் கொஞ்சம் அதிகாரமாகக் குரலை உயர்த்தினால் போதும். என் மகள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, யாரோ ஒரு ஆளு வந்து கத்திக்கினு இருக்காரு!" என்பாள்.

மல்லிகா எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். "பக்கத்து வூட்ல விசாரிக்கச் சொல்லுடி."