ஓடாமல் ஓட்டம் பயின்ற திம்மராயப் பிரதாபம்

கொடுத்த அட்டையை விழுங்கி அதன் விளிம்பில் மணியையும் நிமிடத்தையும் கறுப்பு மையால் துப்பும் கம்பெனி வாசல் கடிகாரமே, ஓசூர் வட்டத்து ஆலைகள் அனைத்துக்கும் குலதெய்வமே, மூன்று நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் விடுப்பைப் பலிகொள்ளும் வட்ட முகத்தாளே, இக்காதைக்கு நீயே காப்பு. நின் சந்நிதியில் நாள்தோறும் தலைகுனிந்து அட்டை நீட்டியவனும், பற்சக்கரம் கடையும் எந்திரத்தை ஆறாண்டுக் காலம் அடக்கி ஆண்டவனும், கிரீஸ் படிந்த கரத்தினனும், தேய்ந்த செருப்பினனும், ஐந்தடி நாலங்குல நெடுமாலுமாகிய திம்மராயனைப் பாடுகிறோம். சானமாவுக் காட்டோரம் தோன்றிய சந்தன மரமே என்று அவனை விளிக்க ஆசைதான். ஆனால் அந்தக் காட்டுச் சந்தன மரங்களை அவன் பிறக்கும் முன்பே யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், கேன்டீன் சுவரின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அறிக்கை அவதரித்தது. தொழிலாளர் நலனில் தீராத அக்கறை கொண்ட நிர்வாகம், பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு, ராயக்கோட்டை ரோட்டில் ஆறாம் கல் வரை போய்த் திரும்பும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்தும் என்றும், முதலில் வருபவருக்கு எவர்சில்வர் குடம் ஒன்றும் அதனோடு ஓராண்டுக் காலம் ஜெனரல் ஷிப்டும் அருளப்படும் என்றும், பரிசை வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலாது என்றும் அது முழங்கியது. குடத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பும் ஜெனரல் ஷிப்டு என்னும் சொர்க்கம், அதுவரை ஆபீஸ்காரர்களுக்கும் ஸ்டோர்ஸ்காரர்களுக்கும் மட்டுமே பட்டா போட்டுக் கொடுத்த இடம்.

அந்தச் சொர்க்கம் திம்மராயனுக்கு எதற்கு என்று சொல்லாவிட்டால் காதை நகராது. அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனையாள் சென்னம்மா, மின்சாதனக் கம்பெனி ஒன்றில் தலைமுடியினும் மெல்லிய செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றும் சித்திரக் கரத்தாள், என்றென்றும் ஜெனரல் ஷிப்டுக்காரி. அவன் காலை ஷிப்டு போகும் வாரத்தில், விடியுமுன் சைக்கிள் மிதித்துப் போனவன், அவள் வீடு திரும்பி உலை வைக்கும்போது குறட்டையில் இருப்பான். மதிய ஷிப்டு வாரத்தில் அவன் வீடு திரும்பும்போது குறட்டை அவளுடையதாக இருக்கும். இரவு ஷிப்டு வாரத்திலோ காலையில் அவள் ஏறிய பஸ்ஸும் அவன் மிதிக்கும் சைக்கிளும் பாதி வழியில் எதிரெதிரே கடக்க, அவள் ஜன்னலில் கை காட்டுவாள், அவன் மணி அடிப்பான். மாலையில் அவள் வந்து எழுப்பியதும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி சைக்கிள் ஏறிவிடுவான். வார விடுமுறையாவது உண்டா என்றால், மின்சாரத்தைப் பங்கு பிரிக்க வந்த விதிப்படி அவன் கம்பெனிக்கு வெள்ளி, அவள் கம்பெனிக்கு ஞாயிறு. எனவே இருவரும் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதித்தான் குடித்தனம் நடத்தினார்கள். 'தண்ணி புடிச்சாச்சு' என்று அவன் எழுதுவான். 'ரசம் புளிச்சிருச்சு, ஊத்திடுங்க' என்று அவள் எழுதுவாள். அவள் பக்கத்தில் ஒரு சாயந்திரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஏக்கம் உண்மையானது. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கேலிக்குரியதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது. அறிக்கை கண்ட அன்றே வீரன் வஞ்சினம் உரைத்தான். உரைக்க ஆளில்லாததால் கதவில் எழுதினான்: 'பந்தயத்துல நான்தான் மொதல்ல வருவேன். அப்புறம் ஒரு வருசம் ஜெனரல்.' மறுநாள் அதனடியில் தேவியின் திருக்கையெழுத்து இருந்தது: 'சரி. சோப்பு இல்ல.'

பந்தயத்துக்கு ஐம்பது நாள் இருந்தது. முதல் நாள் புலர்காலையில், பனி விலகாத மண்சாலையில், அரை டிராயர் அணிந்து, கிழக்கு நோக்கிக் கும்பிட்டு, திம்மராயன் ஓடத் தொடங்கினான். பாவம், ஊர் வழக்கத்தை மறந்துவிட்டான். சானமாவுப் பக்கத்தில் மனிதன் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ரங்கம்மா, ஒருவன் அரைகுறை ஆடையோடு மூச்சிரைக்க வருவதைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு முன்னே ஓடினாள். 'ஆனையா?' என்று தமிழில் ஒரு வீடு கேட்டது, 'ஆனெ பந்தா?' என்று கன்னடத்தில் அடுத்த வீடு கேட்டது, 'ஏனுகு ஒச்சிந்தா?' என்று தெலுங்கில் எதிர்வீடு கேட்டது. மும்மொழிக்கும் மறுமொழி சொல்ல மூச்சில்லாத நாயகன் இல்லை இல்லை என்று இரு கைகளையும் வீச, அந்த வீச்சைக் கண்டு வந்திருப்பது பெருங்கூட்டம் என்று தெளிந்த ஊர், பிள்ளைகளை இடுப்பிலும் ஆடுகளைக் கயிற்றிலும் இழுத்துக்கொண்டு, அவனை முந்திக்கொண்டு சாலையெங்கும் பாய்ந்தது. வனத்துறை ஜீப் வந்து, ஒன்றுமில்லாத காட்டை நோக்கி இரண்டு கட்டு வெடியைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. அன்றைய ஓட்டத்தில் திம்மராயன் கடைசி.

அன்று மாலையே ஊர் கூடியது. பெரியவர் கரியப்பன், ஓடிய ஓட்டத்தில் இடறிச் சிராய்த்த முழங்காலை நீட்டியபடி ஆணை பிறப்பித்தார். "இன்னைலருந்து ஆனை வந்தா ஒழிய நம்ம எல்லையில ஒருத்தனும் ஓடக் கூடாது. பஸ்ஸு போச்சுன்னா போவட்டும். நடந்துதான் போவணும்."

ஓசூரில் ஓடலாமே என்று கேட்பீர்கள். டவுனில் ஓடினால் திருடன் என்று துரத்துவார்கள் என்பது ஆஞ்சப்பனின் தீர்ப்பு. இந்த ஆஞ்சப்பன், பக்கத்து எந்திரத்தில் நின்றபடி உலகத்தையே நடத்திவரும் அறிவுக்கடல். அவன் ஆலோசனை சொல்லி உருப்பட்டவர் யாரும் இல்லை என்றாலும், கேட்காமல் இருந்தவரும் யாரும் இல்லை. டீக்கடையில் வடை மடித்து வந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை அவன் விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, நண்பனின் தோளில் கை வைத்தான். "டேய், வெளிநாட்டுல ஓட்டக்காரனுங்க ஓடறதே இல்லடா. நீச்சல் அடிக்கிறான், சைக்கிள் ஓட்டுறான், கயிறு தாண்டுறான். பந்தயத்தன்னிக்கி மட்டும் ஓடி கப்பு வாங்கிட்டுப் போறான். இங்க பாரு, போட்டோ போட்டு எழுதியிருக்கான்." எழுதியிருந்தது மெய்தான். காலில் அடிபட்டு ஓட முடியாமல் கிடப்பவர்கள், கால் தேறும் வரை மட்டும் அப்படிச் செய்யலாம் என்று அடுத்த வரியில் எழுதியிருந்ததும் மெய்தான். அந்த வரியின் மேல் வடை உட்கார்ந்து எண்ணெய் விட்டிருந்தது.

இனி நாயகன் இயற்றிய தவத்தைக் கேளுங்கள். நாளொன்றுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் மிதித்து வந்த சைக்கிளின் பின்னால் அரை மூட்டைக் கேழ்வரகைக் கட்டி, அதை ஆலைக்குச் சுமந்துபோய் மீண்டும் வீட்டுக்கே சுமந்து வந்தான். மாமன் வெங்கடப்பன் வயல் கிணற்றில் குதித்து, பாசிக்கும் தவளைக்கும் நடுவே நாள்தோறும் நூறு சுற்று நீந்தி, நீர் கலக்கியதற்காக வசவு வாங்கினான். நீர் இறைக்கும் தாம்புக்கயிற்றை எடுத்து ஆயிரம் தாண்டு தாண்டி, கயிறு திரும்பி வராத வீட்டில் மறுபடி வசவு வாங்கினான். எந்திரம் பற்சக்கரத்தைக் கடையும் நாற்பது விநாடி இடைவெளிதோறும் இருபது பஸ்கி போட்டு, சூப்பர்வைசரிடம் மெமோ வாங்கினான். மார்பு விரிந்தது, தோள் திரண்டது, மாடிப்படி நாற்பதை ஒரே மூச்சில் ஏறிவிட்டு இறங்கி வந்து பேச முடிந்தது. ஐம்பது நாளில் அந்தக் கால்கள் எல்லா வேலையும் செய்தன. தரையில் ஓடுவதை மட்டும் செய்யவில்லை.

பந்தய நாளான வெள்ளிக்கிழமை உதித்தது. ஆலை வாசலில் நாற்பத்தொரு வீரர் அணிவகுத்தனர்: ஃபவுண்டரியின் கரும்புகை மறவர், அசெம்பிளியின் திருகாணிச் சூரர், பெயின்ட் ஷாப்பின் பல்வண்ண வேந்தர், கேன்டீனின் சாம்பார்ச் செம்மல்கள். எல்லார்க்கும் முன்னால் புதுக் கேன்வாஸ் ஷூ வெண்மை வீச நின்றான் நம் வேங்கை. எல்லார்க்கும் பின்னால், பேன்ட்டைக் கணுக்கால் வரை மடித்துவிட்டு நின்றார் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ராயப்பன், வயது நாற்பத்து மூன்று. அவர் எந்தப் பயிற்சியும் செய்தவரில்லை. தினமும் காலையில் நிதானமாகச் சவரம் செய்து, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் பிடிப்பதற்காக டிபன் கேரியருடன் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுவார். பதினோரு வருஷமாக அப்படித்தான் வேலைக்கு வருகிறார்.

கொடி அசைந்தது, விசில் ஊதியது, புழுதி எழுந்து மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. ஆகா, அந்த முதல் நான்கு கிலோமீட்டரை எந்நாவால் உரைப்போம்! ஃபவுண்டரியை முறியடித்தான், அசெம்பிளியைச் சிதறடித்தான், மூச்சு உலைத்துருத்தி போலச் சீராக ஓட, நெஞ்சு நிமிர்ந்து, வாயில் ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி ஓடினான். அவன் கண்ணில் சாலை தெரியவில்லை. சாயந்திர வெயிலில், இரண்டு டம்ளரோடு எதிரே உட்கார்ந்த சென்னம்மா தெரிந்தாள். ஆறாம் கல்லைத் தொட்டுத் திரும்பியபோது அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

ஏழாம் கிலோமீட்டரில் கால்கள் சங்கம் கூடின. ஐம்பது நாளாக மிதிக்கவும் நீந்தவும் தாண்டவும் பழகிய நாங்கள், தார்ச்சாலையில் அடிமேல் அடி விழும் இந்தப் புது வேலைக்கு ஒப்பந்தமே போடவில்லை என்று கணுக்கால் முதலில் வெளிநடப்புச் செய்தது. முழங்கால் ஆதரவு தெரிவித்தது. உள்ளங்கால் கொப்புளக் கொடி ஏற்றியது. கெண்டைக்கால்கள் இரண்டும் இறுகிக் கல்லாகிக் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. மேலே நுரையீரல் என்னும் நிர்வாகமோ, உற்பத்திக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடத் தயார் என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவன் திம்மராயன். அப்போது பின்னாலிருந்து, இல்லாத டிபன் கேரியர் தளும்பிவிடாதபடி இடக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு துளி வேர்வையின்றி, ராயப்பன் வந்தார், பார்த்தார், "என்னா திம்மா, நரம்பு புடிச்சிக்கிச்சா?" என்று அன்பாக விசாரித்தார், போய்விட்டார்.

அவரைத் தொடர்ந்து பெயின்ட் ஷாப் போயிற்று. சாம்பார்ச் செம்மல்களும் போனார்கள். ஒன்பதாம் கிலோமீட்டரில் நொண்டிக்கொண்டிருந்தவனைக் கடக்க, வேலைக்குப் போகும் கூட்டத்தோடு ஒரு டவுன் பஸ் வேகம் குறைத்தது. ஜன்னலில் சென்னம்மா. அவன் முகத்தையும் காலையும் ஒரு முறை பார்த்தாள். ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக் கத்தினாள்.

"ஏங்க, நடந்து வாங்க. யாரு தொரத்துறாங்க உங்கள?"

உன்னோடு இருக்கத்தான் இந்தப் பாடு என்று சொல்ல அவனிடம் வார்த்தை இருந்தது, மூச்சும் நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. பஸ்தான் நிற்கவில்லை. அதன் பின்னால் நான்கு எட்டு பாய்ந்தான். ஐந்தாவது எட்டில் வலது கெண்டைக்காலுக்குள் ஏதோ அறுந்தது. அதன் பிறகும் மூன்று கிலோமீட்டரை அவன் முடித்தான். ஒரு காலால் என்பதை மட்டும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும். நாற்பத்தொருவரில் முப்பத்தெட்டாவது. மீதி மூவரும் வழியில் டீ குடிக்க ஒதுங்கியவர்கள்.

பரிசளிப்பு மேடையில் மேனேஜர், உழைப்பே உயர்வு என்ற பொருளில் கால் மணி நேரம் பேசி, ராயப்பனுக்குக் குடத்தை வழங்கி, ஓராண்டு ஜெனரல் ஷிப்டையும் அறிவித்தார். "சார், நான் எப்பவும் ஜெனரல்தான்" என்றார் ராயப்பன். வேண்டுமானால் திம்மாவுக்குக் கொடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். பரிசு மாற்றத்தக்கதல்ல என்ற விதி படித்துக் காட்டப்பட்டது. ஏற்கெனவே இருந்த சொர்க்கத்தில் ராயப்பன் மறுபடி குடியேற்றப்பட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற திம்மராயனும் தட்டினான். அவனுக்கு அழுகை வந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டான்.

ஆனால் விதியின் எந்திரம் எப்போது எந்தப் பல்லில் கடையும் என்று யாரறிவார்? கெண்டைக்காலை அழுத்திப் பார்த்த டாக்டர், கிழிந்த தசை ஒன்றுசேர மூன்று மாதம் ஆகும், அதுவரை எந்திரத்தில் நிற்கலாகாது என்று ஒரு சீட்டில் கிறுக்கினார். ஓடி வென்றவனுக்கு மட்டுமே திறக்கும் என்று முழங்கிய பொற்கதவம், நொண்டியவன் நீட்டிய அந்தச் சீட்டுக்கு ஓசையின்றித் திறந்துகொண்டது: உட்கார்ந்து போல்ட்டு நட்டுப் பொறுக்கும் லைட் டியூட்டி ஸ்டோர்ஸில் மட்டும்தான் உண்டு, ஸ்டோர்ஸுக்கு ஜெனரல் ஷிப்டு மட்டும்தான் உண்டு. "எல்லாம் நான் போட்ட திட்டம்டா" என்றான் ஆஞ்சப்பன்.

திங்கட்கிழமை வந்தது. பத்துத் திங்கள் கதவெழுத்தால் காதல் வளர்த்த தலைவனும் தலைவியும் ஒன்றுகூட, செங்கதிரோன் சானமாவுக் காட்டின் பின் சரிய, குங்குமப் பொழுது குடிசைதோறும் இறங்க, பறவைகள் கூடு திரும்ப, யாக்கையெங்கும் தைல மணம் கமழ நொண்டி நொண்டி வாசலில் நின்ற வீரத்திருமகனின் முகத்தைத் தேவி நேருக்கு நேர் நோக்க, ஊழி ஊழியாகத் தேக்கி வைத்த மொழியெல்லாம் அவன் நாவில் திரண்டு நிற்க, அவள் செவ்விதழ் திறந்தாள்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களாம் என்று சொல்லிக் கேனை எடுத்தாள். இரண்டு பேரும் போய் வரிசையில் நின்றார்கள்.