கம்ப்யூட்டர் அண்ணனைப் பார்க்க வந்தவர்கள்

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காமல் ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர் வாங்கிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். திருப்பதியில் படிக்கும்போது நாங்கள் தங்கியிருந்த லாட்ஜின் மாடி அறைக்காரர்; எங்களுக்கெல்லாம் அண்ணன். ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் வாத்தியார்.

பெயர் வைத்தவர் அவருடைய அப்பா. மகன் படம் வரைந்து பிழைக்கிறான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சித்தூர் பக்கத்தில் இருந்த அவர்கள் கிராமம் முழுக்க, “எம்மவன் கம்ப்யூட்டர்ல கீறான்” என்று சொல்லி வைத்துவிட்டார். ஊரில் எந்தப் பையன் படித்து முடித்தாலும் வேலைக்கு அண்ணனிடம்தான் அனுப்பினார்கள். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, சமாதானம் சொல்லி பஸ் ஏற்றிவிடுவார். ஒருத்தர் கெட்டுப்போன டி.வி.யையே தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருநாள் அப்பா, அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனாரோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த சென்டருக்கே எல்லோரையும் கூட்டிப்போனேன். அண்ணனை உட்கார வைத்து, படம் வரையும் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

முதலில் மவுஸைப் பென்சில் மாதிரி பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தகப்பனார் மீசையோடு திரையில் வந்துவிட்டார்.

“சாலா பாகுந்தி! ரொம்ப நல்லாக்கீது! என்னையே புடிச்சிருச்சே இந்த மிசின்!” என்று அவர் குதித்தார்.

“எம்மவன் சொன்னா அது எல்லாம் செய்யும்” என்றார் அப்பா.

கல்யாணம் முடிந்த மாதிரிதான். அப்போது பார்த்து அண்ணன் எழுந்தார்.

“மிசின் வரையலீங்க. நான்தான் வரைஞ்சேன். நான் டிராயிங் வாத்தியாரு.”

“சரி, வேலை?” என்று கேட்டார் பெண்ணின் தகப்பனார்.

“அதாங்க வேலை.”

பெண்ணின் தகப்பனார் சம்பந்தமே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அப்பாவும் படியிறங்கினார். “நைனா, துன்னுட்டாவது போ” என்று அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே நடந்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் லாட்ஜுக்கு வரவும் இல்லை.

நாங்களும் ஒவ்வொருவராகப் பெங்களூர், சென்னை, அமெரிக்கா என்று கிளம்பினோம். எல்லோர் பெட்டியையும் தூக்கி வந்து வழியனுப்பியது அண்ணன்தான்.

பல வருஷம் கழித்து, மலைக்குப் போய்த் திரும்பும் வழியில் லாட்ஜில் அதே மாடி அறைக் கதவைத் தட்டினேன். அண்ணனேதான் திறந்தார். தலை நரைத்திருந்தது. பிள்ளைகளின் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால் பள்ளியில் டிராயிங் பீரியடையெல்லாம் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவருக்கு மிச்சம் வாரத்தில் ஒன்றே ஒன்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“நைனா பேசறாராண்ணா?”

“எங்கிட்ட பேசறதில்ல. ஊர்ல மட்டும் இன்னும் கம்ப்யூட்டர்னுதான் சொல்லிக்கினு கீறாரு.”

நான் எழுந்திருக்கும்போதெல்லாம், “அடுத்த பஸ்ஸுக்குப் போயேன்” என்றார். கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, அங்கேயே பாயை விரித்துக்கொண்டேன்.