ரிவெட் அண்ணன் கொண்டு வந்த காசி

இதை எழுதலாமா, கூடாதா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். சம்பந்தப்பட்ட இருவரும் இன்று இல்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காசிக்குப் போய்க் கங்கையில் கட்டைவிரலைக்கூட நனைக்காமல் திரும்பிய மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான். தெலுங்கு நாட்டில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு ரிவெட் அண்ணன். ஒர்க்‌ஷாப்பில் ரிவெட் ஆணி அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வரிசைக்குக் கேட்கும். சாப்பிடும்போது “உப்பு கம்மி” என்பார். நாலு வீட்டுப் பெண்கள் தங்கள் குழம்பை ருசி பார்ப்பார்கள்.

அண்ணிக்கு இதய வால்வில் கோளாறு. அந்தியில் விளக்கேற்றிய பிறகு காசிப் படித்துறையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. இருவர் பேருக்கும் ரயில்வே பாஸ் கைக்கு வந்த வாரம், பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்” என்று அண்ணிதான் பிடிவாதமாக அனுப்பினார். அவரைப் பார்த்துக்கொள்ள என் மனைவி. அண்ணனுக்குத் துணையாக நான்.

காசியில் நான் மூன்று முழுக்குப் போட்டேன். பிடித்த காய் ஒன்றை விடும் வழக்கப்படி பாகற்காயை விட்டேன். அது எனக்கு என்றுமே பிடித்ததில்லை, விசுவநாதர் மன்னிக்கட்டும். அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தார். படித்துறைப் புரோகிதரான பண்டா முழுக்குப் போடக் கூப்பிட்டதற்கு, “நக்கோ ஜி, நக்கோ” என்று எங்கள் ஊர் இந்தியில் வேண்டாமென அவர் போட்ட சத்தத்தில் இரண்டு படகுகள் நின்றுவிட்டன.

“இவ்வளவு தூரம் வந்து பாவத்தைக் கழுவாமப் போறீங்களே அண்ணே.”

“அவ வந்து கையப் புடிச்சாத்தான் முழுக்கு. எனக்கு மட்டும் தனியா என்னடா அவசரம்?”

பொழுது சாய்ந்தால் மனிதர் மாறிவிடுவார். ஆரத்தி, பான் கடை, ரபடி என்ற பாலினிப்புக் கடை, சந்து சந்தாக அலைச்சல். ஒரு மாடியில் ஷெனாய் வாசித்தவரின் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். அவர் வாசித்தபடியே நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றார்.

கடைசி நாள் மாலை படகில் போனோம். படகுக்காரன் பாடினான்.

“என்னடா தம்பி பாடறான்? உதடு அசையறதுதான் தெரியுது. அவகிட்ட சொல்லணும்.”

எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கோயிலில் பூஜைக்கு நேரமாகிறதே என்ற எரிச்சல் வேறு. “அக்கரையில பெண்டாட்டி விளக்கோட நிக்கறாளாம். வந்துட்டேன்னு சொல்லுங்கன்னு பாடறான்” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அண்ணன் அதை மூன்று தரம் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

ஊர் திரும்பியதும், தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு சந்தாகக் காசியைச் சொல்லுவார். எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் வாசலில் வந்து நிற்பார். முடிவில் அண்ணி கேட்பது எப்போதும் அந்தப் பாட்டைத்தான்.

“மறுபடியுமா? சரி, கேளு. அக்கரையில பெண்டாட்டி…”

பாட்டு என் கற்பனை என்று வீட்டில் ஒப்புக்கொண்டதும், “போய் உண்மையச் சொல்லிடுங்க” என்றாள் என் மனைவி. இரண்டு தடவை அவர்கள் வாசல்வரை போனேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நலம் விசாரித்துத் திரும்பினேன்.

ஒரு மாலை பாட்டு முடிந்தும் அண்ணன் குரல் நிற்கவில்லை. “என்ன? சத்தமாச் சொல்லு. என்ன சொல்றே?” திரும்பத் திரும்ப அதே. நான் ஓடினேன்.

“தம்பி, இவ ஏதோ மெல்லமாச் சொல்றா. எனக்குக் கேக்கல. நீ கேட்டுச் சொல்லுடா.”

குனிந்து கேட்டேன். மூச்சு இல்லை.

“அண்ணி ஒண்ணும் சொல்லல அண்ணே” என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி சிரித்தபடி கண்மூடியதாகவும், கடைசியாக அந்தப் பாட்டை முணுமுணுத்ததாகவும் குவார்ட்டர்ஸில் இன்றும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அழகுக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். அவர்கள் இருவருக்கும் நான் சொன்ன பொய் ஒன்றே போதும்.