மூன்றில் ஒரு விருந்தாளி

விடையை முதலில் சொல்லிவிட்டால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும் பெட்டி ஒன்று தருமபுரிக்கு வந்திருப்பதாகக் காரிமங்கலம் சந்தையில் ஒரு வதந்தி. மகளுக்கு எத்தனை பவுன் போட வேண்டும் என்று அதனிடம் சொன்னால் போதுமாம், நிலக்கடலை என்ன விலைக்குப் போக வேண்டும் என்று அது சொல்லிவிடுமாம். கடலை அதைக் கேட்குமா என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த வேலை நமக்கென்று நான் பஸ் ஏறினேன்.

பெட்டி உண்மைதான். ஆனால் நான் கண்டுபிடித்தது பெட்டியை அல்ல, ஓர் இனத்தை. ‘வச்சுக்குவோம்’ இனம். நாளை மழை பெய்யும்னு வச்சுக்குவோம், லோன் கிடைச்சிடுச்சுன்னு வச்சுக்குவோம், மாமனார் மனசு மாறிட்டார்னு வச்சுக்குவோம் என்று, கையில் இல்லாததையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டே போய், கடைசியில் அந்த உயரத்திலிருந்து நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? சரி, பிறகு பேசுவோம்.

அந்த இனத்துக்கு நான் பார்த்த சரியான மாதிரி, பெட்டிக்காரர் சவுரியப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர். எண்பத்தெட்டில் பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அதற்கு மட்டும் ஒரு ஃபேன் போட்டு, மாணவர்களை வியர்க்க விட்டவர். கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை எண்கள். மேலே ஓர் எண்ணை மாற்றினால் கீழே கூட்டுத்தொகை தானாக மாறும். மற்றவர்கள் கூட்டுத்தொகை என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். சவுரியப்பன் அப்படியல்ல. வர வேண்டிய தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, அது வரும்வரை மேலே உள்ள எண்களின் காதைத் திருகுவார்.

பையன்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான். புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்துக்கொண்டு எண்களை மாற்றிக்கொண்டே வந்ததில், ஒரு நாள் வயதுக் கணக்கில் மகனைவிட அப்பன் நான்கு வயது இளையவனாகிவிட்டான். “என்ன சார் இது?” என்றேன்.

“அவங்க குடும்ப விஷயம் நமக்கு எதுக்குங்க? விடை சரியா இருக்குதா, அதைப் பாருங்க.”

இதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்குப் பார்த்து மெத்தைக் கடை நூர் பாஷா, மனைவி ஜான் பீயோடு உள்ளே வந்தார். மகள் ஹசீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கிருஷ்ணகிரி. கையில் ஒன்பதாயிரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தையல் மெஷினை விற்க வேண்டும். விருந்தில் குறை வந்தாலோ, ஹசீனா ஆயுசுக்கும் அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சவுரியப்பன் விரல்களைச் சொடுக்கினார். பந்தல், துணிமணிக்கு மூவாயிரம் போக ஆறாயிரம். சாப்பாடு ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். தட்டினார். முன்னூற்று முப்பத்து மூன்று பேர், அதற்குமேல் மூன்றில் ஒரு ஆள்.

“எங்க லிஸ்ட்டுல நானூத்தி அறுபது பேரு இருக்காங்க,” என்றார் ஜான் பீ.

“நாலுல ஒருத்தர் வரலைன்னு வச்சுக்குங்க. முன்னூத்தி நாப்பத்தஞ்சு ஆச்சா? அதுல ஒரு பன்னெண்டு பேருக்குக் காய்ச்சல்னு வச்சுக்குங்க. தீந்துச்சு!”

“என் அண்ணனுங்களுக்குக் காய்ச்சல் வந்தாத்தாங்க ரெண்டு தட்டு சாப்பிடுவாங்க.”

“ஏய், சும்மா இரு. கம்ப்யூட்டரே சொல்லுது,” என்றார் நூர் பாஷா. தையல் மெஷின் பிழைத்த சந்தோஷம் அவருக்கு.

“வச்சுக்குங்க, வச்சுக்குங்கன்றீங்களே, வந்தவங்க தட்டுல எதைங்க வைக்கறது?” என்று கேட்டார் ஜான் பீ. அதற்குத் திரையில் கட்டம் இல்லை.

“அந்த மூணுல ஒரு ஆளு யாருங்க?” என்று நான் இடையில் புகுந்தேன்.

“யாராவது பல்லு போனவங்களா இருக்கும்,” என்று சொல்லி என் வாயைப் பார்த்தார் சவுரியப்பன்.

கல்யாணத்தன்று யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தருமபுரி ஜில்லா அவ்வளவு ஆரோக்கியமாக இருந்து நான் பார்த்ததேயில்லை. நானூற்று அறுபது பேரும் வந்தார்கள். அதைவிட மோசம், கிருஷ்ணகிரியிலிருந்து வந்த இரண்டாவது வேன் வழியில் பஞ்சராகி, மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் முக்கால்வாசிப் பந்தி முடிந்தபிறகு, மூன்று மணிப் பசியோடு இறங்கினார்கள். நூர் பாஷா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சவுரியப்பனைப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத சவுரியப்பன், கட்டம் போட்ட சட்டையில் நின்றிருந்தார்.

ஜான் பீ யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் அண்ணன்மார் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனார்.

“நம்ம ஆளுங்க எல்லாம் எந்திரிங்க. சாப்பிட்டாச்சு.”

“இன்னும் தட்டே வைக்கலியேம்மா,” என்றார் பெரியண்ணன்.

“சாப்பிட்டாச்சுன்னு வச்சுக்குங்க.”

எழுந்துவிட்டார்கள். கை கழுவி, வெற்றிலை போட்டு, வாய் நிறைய ஏப்பம்கூட விட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து, அடிப்பிடித்த சோறுவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “நல்ல கவனிப்பு” என்று சொல்லிப் போனார்கள். அந்தச் சொல்லைச் சவுரியப்பனின் பெட்டி எத்தனை தட்டு தட்டினாலும் கொடுத்திருக்காது. ஹசீனா தலை நிமிர்ந்து வேன் ஏறினாள்.

பெண் வீட்டுக் குழந்தைகள் பசியில் அழுதன. சவுரியப்பன் கெட்டவரல்ல. என்னிடம் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, நாற்பது பரோட்டா கட்டிவந்து கொடுத்தார். நான் பந்திக்கு உட்கார்ந்தபோது பிரியாணி இல்லை, வெங்காயத் தயிர் இல்லை. மூன்றில் மிஞ்சியது கத்தரிக்காய் மட்டும்.

ஆக, கணக்கு தவறவில்லை. அந்த மூன்றில் ஒரு ஆள் நான்தான்.

ஒரு வாரம் கழித்து இருபது ரூபாயைக் கேட்டேன். திரையைவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: “குடுத்துட்டேன்னு வச்சுக்குங்க.”

சிரிக்கிறீர்களே, வரப்போகும் அரியர்ஸ் பணத்தில் போன தீபாவளிக்கே ரேடியோ வாங்கியது யார்? பையன் இன்ஜினீயர் ஆகிவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பில் இருக்கும் அவனை அதட்டுவது யார்? உங்களிடம் பச்சை எழுத்துப் பெட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? அந்த இருபது வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மாரியப்பன் கடையில் கடனுக்குச் செருப்பு எடுத்தேன். சவுரியப்பன் கொடுத்ததும் தருவதாகச் சொன்னேன். மாரியப்பன் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவரு குடுக்கலைன்னு வச்சுக்குங்க?”

அதற்குப் பதில் கிடைக்காமல்தான் அவர் கடை இருக்கும் தெருவை விட்டு ஒரு மாதமாகச் சுற்றி நடக்கிறேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு.