முகம் தெரியாத மணப்பெண்கள்

ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டவரை முதல் சில மாதங்கள் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதன் பலனை என் அண்ணி அனுபவித்தார்.

அண்ணி அஸ்தம்பட்டியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறார். நான் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஒரு கோடை விடுமுறையில் வீடியோக்கள் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். (கற்றுக்கொண்டதாக நானே அறிவித்துக்கொண்டேன்.) "வெளியாளுகிட்ட எதுக்கு அண்ணி போறீங்க? நான் பண்ணித் தர்றேன்" என்றேன். அண்ணி நம்பினார். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

போட்டோகிராபர் கொடுத்த படங்களை அப்படியே ஏற்றினேன். ஒவ்வொன்றும் கல்யாண மண்டப வாசலில் பேனர் அடிக்கும் அளவுக்குப் பெரியது. சேந்தமங்கலத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அண்ணி, அங்கிருந்து போனில் கூப்பிட்டார்.

"கவிதா, படம் மேலிருந்து கொஞ்சங் கொஞ்சமா எறங்குது. நெத்திச்சுட்டி வந்துச்சு. சரி, மூஞ்சி வரட்டும்னு இட்லி ஊத்தி வெச்சேன். இட்லி வெந்துருச்சு. மூக்கு இன்னும் வரல."

ரோஷம் வந்துவிட்டது. படங்களைப் போன் திரைக்கு ஏற்றபடி சுருக்கினேன். ஃபைல்களின் எடையைக் குறைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று மானத்தோடு வாழ்ந்திருப்பேன். ஆனால் ஒரு வீடியோவில் இன்னொரு வித்தை சொல்லிக் கொடுத்தார்கள்: முதலில் மங்கலான குட்டிப் படம் ஒன்று சட்டென்று வரும், பின்னாலேயே தெளிவான படம் வந்து அதன்மேல் உட்காரும். பார்ப்பவருக்குக் காத்திருப்பதே தெரியாது. செய்து பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் மணப்பெண்கள் ஏற்காட்டு மூடுபனி விலகியதுபோல ஒவ்வொருவராகத் தெளிந்து வந்தார்கள். எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் வெப்சைட்டில் ஏற்றிவிட்டு, "இனிமேல் கண் இமைக்கும் நேரத்தில் படம் வரும்" என்று குடும்ப குரூப்பில் அறிவித்தேன். ஏற்றியபிறகு ஒரு போனில் திறந்து பார்த்தேனா? இல்லை. தேர்வுத்தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் வருஷமெல்லாம் கத்துகிறவள் நான்.

அடுத்த மாதம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் அண்ணியைப் பார்க்க வந்தது. ஆவணியில் கல்யாணம். பெண், பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. பெரிய இடம், இது அமைந்தால் அவர்கள் சொந்தபந்தத்தில் இன்னும் நாலு கல்யாணம் வரும் என்று அண்ணி சொல்லியிருந்தார். வெப்சைட் பெருமையை நேரில் கேட்டு மகிழ நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் போனில் வெப்சைட்டைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைகளுக்கெல்லாம் என்னாச்சுங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. போன தையில கல்யாணம் ஆனவங்க" என்றார் அண்ணி.

"அப்பறம் ஏனுங்க, நியூஸ்ல புடிச்சுட்டுப் போறவங்களக் காட்டற மாதிரி மூஞ்சிய மறைச்சுப் போட்டிருக்குது? கேசு கீசு ஏதாச்சுங்களா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "அது நெட் ஸ்லோங்க. ஒரு நிமிசம் பொறுங்க, தெளிஞ்சுரும்."

எல்லோரும் பொறுத்தார்கள். ஒன்றும் தெளியவில்லை. பெண்ணின் அம்மா மகளின் காதில் கிசுகிசுத்தார்: "க்ரீம் ஒத்துக்காம வீங்கிப்போச்சாட்டம் இருக்குது." பெண் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "உங்க போன் பழசா இருக்குமுங்க" என்றேன்.

"என்ற பையன் போன வாரந்தான் வாங்கிக் குடுத்தானுங்க."

அண்ணி தன் போனில் திறந்தார். அங்கேயும் வரிசையாக முகமில்லாத மணப்பெண்கள். அவர் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கொஞ்ச நாளா ஒரு போனும் வரல கவிதா. ஆடி மாசம், அதான்னு நெனச்சேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர்கள் கிளம்ப எழுந்தபோது அண்ணி வழி மறித்தார். "படம் கெடக்கட்டுங்க. அரை மணி நேரம் உக்காருங்க. கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறேன்." பிறகு என்னைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு முழு மணப்பெண் அலங்காரம். நெற்றிச்சுட்டி, ஜடை, கன்னத்தில் மினுமினுப்பு. வெட்கப்படும் பாவனை வேண்டும் என்று அண்ணி சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் அன்று தலை நிமிரவேயில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. எங்க புள்ளைக்கு நீங்களே போட்டுருங்க. ஆனா ஒண்ணுங்க, போட்டோ சமாச்சாரத்துல மட்டும் இந்த அம்மிணி கை வெக்க வேண்டாம்."

அதே கோலத்தில், ஜடையோடு தலை ஹெல்மெட்டுக்குள் நுழையாததால், ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன். கதவைத் திறந்த என் கணவர், "யாருங்க வேணும்?" என்றார்.

அன்று மாலை காரணம் தெரிந்தது. தெளிவான படங்களின் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கின. வெப்சைட் பக்கத்துக்குள் நான் அதே பெயர்களைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். என் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். வெப்சைட் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. எழுத்தைத் திருத்தினேன். முகங்கள் வந்தன.

இப்போது அண்ணன் மகள் தன் போனில் என்னை 'கலங்கல் அத்தை' என்று பதிந்து வைத்திருக்கிறாள். எந்த விசேஷத்திலும் சாப்பாட்டுப் பந்தியில் இந்தக் கதை வரும். அண்ணிதான் சொல்வார், நியூஸ், கேஸ், ஆட்டோ என்று ஒவ்வொன்றையும் நடித்தே காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சொல்லும் கதையில் படங்கள் அந்த ஒரு காலையில் மட்டும்தான் மங்கலாக இருந்தன. போன் வராத நாட்களைப் பற்றி இதுவரை யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன், இலையைப் பார்த்துக்கொண்டு.