வெங்கடேஸ்வரனின் படகு

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரஹாரத் தெருக்களில் கல்யாணப் பேச்சு எடுத்தால் இப்போதெல்லாம் ஜாதகத்தை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்பது கிரெடிட் ரிப்போர்ட். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு. எழுநூற்றைம்பதுக்குக் கீழே ஸ்கோர் உள்ள பையனுக்கு எந்தக் கோயிலிலும் பரிகாரம் இல்லை என்பது பெரியவர்கள் தீர ஆராய்ந்து கண்ட முடிவு.

ஆகவே வெங்கடேஸ்வரன் தன் ரிப்போர்ட்டை ஆனந்தகிருஷ்ணன் மாமாவிடம் பணிவன்புடன் சமர்ப்பித்தான். மாமா தணிக்கை இலாகாவில் ஓய்வு பெற்றவர், விஷ்ணுப்ரியாவின் அப்பா. வெங்கடேஸ்வரனும் விஷ்ணுப்ரியாவும் கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் போய்வந்து, கல்யாணம் என்று ஒன்று பண்ணிக்கொண்டால் இந்த ஆளைத்தான் என்று எப்போதோ தீர்மானித்திருந்தார்கள்.

ஸ்கோர் எண்ணூற்றுப் பன்னிரண்டு. மாமாவின் முகம் மலர்ந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மலர்ந்தது வாடியது.

"வெங்கிட்டு, உனக்கு விழிஞ்ஞத்துல மீன்பிடிப் படகு இருக்கா?"

வெங்கடேஸ்வரனுக்குச் சங்குமுகம் கடலில் கால் நனைத்தாலே ஜலதோஷம் பிடிக்கும். "இல்லை மாமா."

"இருக்குன்னு போட்டிருக்கே. என்ஜின் லோன். நாளைக்கு நாலு பேர் என்ன பறைவா? திருத்திண்டு வா. மண்டபம் புக் பண்றதை அப்பறம் பாத்துக்கலாம்."

வங்கியில் குறைதீர்ப்புப் பிரிவு அதிகாரி அஜிதா மேடம். வந்தவர்களுக்கு நாற்காலி காட்டுவார், வழி காட்டமாட்டார்.

"இந்த லோன் என்னோடதில்லை மேடம்."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"நீங்க சொன்னா போரா, பத்தாது. லோன் எடுத்த ஆளு எழுதித் தரணும்."

"எடுத்தது யாரு?"

அவர் கணினியைப் பார்த்தார். "நீங்களாக்கும்."

'வெங்கடேஸ்வரனாகிய என் பெயரில் காணப்படும் கடன் எதுவும் வெங்கடேஸ்வரனாகிய என்னுடையதல்ல' என்று அவன் எழுதிக்கொடுத்தான். மேடம் அதன்மேல் முத்திரை குத்தினார். குத்திய பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஆனா சாரே, ஒரு தவணைகூட முடங்கலை. என்னோடதில்லைன்னு சாதாரணமா கட்டாத ஆளுங்கதான் சொல்வாங்க. ஒழுங்காக் கட்டிட்டு அப்படிச் சொல்ற ஆளை நான் கண்டதில்லை. நேர்ல பரிசோதிக்கணும். படகோட வாங்க."

"படகை எப்படி மேடம் கொண்டுவர்றது?"

மேடம் இரக்கமுள்ளவர். விதியைத் தளர்த்தி, படகின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ போதும் என்றார். படகு தன்னுடையதல்ல என்று நிரூபிப்பதற்காக, அதன்மேல் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள வெங்கடேஸ்வரன் விழிஞ்ஞத்துக்குப் போனான்.

வங்கியில் தந்த படகு எண்ணைச் சொல்லி விசாரித்ததில் ஆள் கிடைத்தார். படகின் அசல் சொந்தக்காரர் யோசுவா அவன் பெயரைக் கேட்டதும் வலையைக் கீழே போட்டார்.

"நீதானா அது? போன் பில்லுல உனக்க பேரு, கடன் என் தலையில கெடக்கு பிள்ளே. புது வலைக்கு லோன் கேட்டா, போன் தவணை கட்டாதவனுக்கு வலை எதுக்குங்கான். கலெக்‌ஷன்காரன் வேற வாசல்ல வந்து நிக்கான். என் பெண்டாட்டி எலிசாள் என்கிட்ட ஒரு வார்த்த மிண்டி ஒரு மாசமாச்சு. யாருக்கு வாங்கிக் குடுத்த போன்னு கேக்கா."

வெங்கடேஸ்வரனுக்கு விஷயம் புரிந்தது. தவணையில் வாங்கிய போனை அவன் பஸ்ஸில் தொலைத்தான். இல்லாத போனுக்கு எதற்குப் பணம் என்று தவணையை நிறுத்தினான். யாரும் வந்து கேட்காததால், வங்கி பெருந்தன்மையாக விட்டுவிட்டது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தான். இருவரும் ஒரே கிளையில் ஒரே நாளில் கணக்குத் தொடங்கியவர்கள். கணினி இவன் பாவத்தை அவருக்கும் அவர் புண்ணியத்தை இவனுக்கும் எழுதிவிட்டது. அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. யோசுவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். "திருத்தினா உன் ஸ்கோர் என்ன ஆகும்?"

"ஐநூத்துச் சொச்சம்."

மாமா கண்ணை மூடினார். திறந்தபோது கொள்கை மாறியிருந்தது. "படகு இருந்துட்டுப் போகட்டும். பத்மநாபஸ்வாமி சயனிச்சிண்டிருக்கறதே கடல்லதான். மச்சாவதாரம் வேற எடுத்திருக்கார்."

"யோசுவாவுக்கு லோன் கிடைக்கலை மாமா."

"அது அவன் ஸ்கோர். நாம என்ன பண்றது?"

"அது என் ஸ்கோர் மாமா."

உள்ளேயிருந்து விஷ்ணுப்ரியா வந்தாள். "அப்பா, ஸ்கோருக்குத்தான் என்னைக் குடுக்கறேள்னா யோசுவாகிட்டன்னா ஜாதகம் கேக்கணும்?"

மாமா யோசித்தார். "அவனுக்குக் கல்யாணம் ஆயிடுத்தே" என்றார்.

அன்றே வெங்கடேஸ்வரனும் யோசுவாவும் சேர்ந்து போய் மனு கொடுத்தார்கள். மறுநாள் மாமா தனியாகப் போய் இன்னொரு மனு கொடுத்தார்: 'மேற்படி கடன்கள் குறித்து நான் முழுமையாக அறிவேன். அவை இருக்குமிடத்திலேயே இருக்குமாறு வேண்டுகிறேன்.' பழக்க தோஷத்தால் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, பான் கார்டு நகலையும் இணைத்திருந்தார்.

வங்கி இரண்டு மனுக்களையும் கூர்ந்து ஆராய்ந்தது. படகு யோசுவாவிடம் திரும்பியது. அவருக்கு வலைக்கு லோன் கிடைத்தது, எலிசாளும் பேச ஆரம்பித்தாள். மிச்சம் இருந்தது போன். அது யோசுவாவினுடையது அல்ல என்று தெரிந்துவிட்டது. வெங்கடேஸ்வரனுக்கோ கடனே கிடையாது. எழுதிக்கொடுத்து முத்திரையும் விழுந்தாயிற்று. போன் கடனைப் பற்றி முழுமையாக அறிந்து, பான் கார்டோடு முன்வந்தவர் ஒருவர்தான் பாக்கி. வங்கி அதை ஆனந்தகிருஷ்ணன் பெயரில் சேர்த்தது.

கலெக்‌ஷன்காரன் அக்கிரஹாரத்துக்கு வந்து, மாமா வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டான். தெருவே பார்த்தது. வெங்கடேஸ்வரனின் அம்மா சீதாலக்ஷ்மியும் பார்த்தாள். பிள்ளை வீட்டுக்காரியாக இருந்தும் ஒரு குறை சொல்ல வழியில்லாமல் அவள் அத்தனை நாளும் தவித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல போன் வாங்கித் தவணையை முழுங்கியிருக்கார். நமக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்டா."

விஷ்ணுப்ரியா இல்லாமல் பஸ்ஸில் போய்வருவதை வெங்கடேஸ்வரனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டான்.

"அம்மா, அந்தப் போன் என்னோடது. தவணை கட்டாதது நான்தான்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனுடைய திருத்திய ரிப்போர்ட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றாள். பிறகு அடுத்த வீட்டு மாமியிடம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாலிகூடக் கட்டலை. மாமனாருக்காக இப்பவே பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டான்."