சம்பந்திக்கு, விளக்கு மாட்டிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகன், உங்கள் மகள் ஆகிய நால்வரும் சௌக்கியம். ஐந்தாவதாக, எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் நீங்கலாக மற்ற அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். இது நடுவில் யாரும் பேசாமல் நான் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். முடிவில் உங்கள் மீது ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது.

முதலில் அழைப்பு. வரும் ஞாயிறு மாலை நீங்களும் சம்பந்தி அம்மாளும் எங்கள் வீட்டில் சாப்பிட வரவேண்டும். போன முறை வந்தபோது நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தண்ணீர்க் குவளை என்று நினைத்துப் பூச்சாடியை எடுத்து ஒரு வாய் குடித்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். நால்வருமே பார்த்தோம். நீங்கள் முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "வீடு ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி, சாப்பிடற இடத்துல மட்டும் வெளிச்சம் கொஞ்சம் கம்மி" என்றீர்கள். அவ்வளவு பெரிய மனதோடு நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என் மனைவியைப் போட்டு வாட்டி எடுத்துவிட்டது. எங்கள் சாப்பாட்டு அறையில் இருக்கிற ஒரே டியூப்லைட் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரி வாங்குவதற்கு முன்பே டியூப்லைட் அங்கேதான் இருந்தது, அலமாரிக்கு வேறு இடமும் இல்லை. அதனால் மேஜையில் உட்காருகிறவரின் தட்டில் அவரவர் தலையின் நிழல்தான் முதலில் பரிமாறப்படும். பதினோரு வருடமாக இது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சாப்பிடும்போது பேப்பர் படிப்பவன், பேப்பரை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துக்கொள்வேன். "வந்த மனுஷன் பூச்சாடித் தண்ணியக் குடிச்சுட்டுப் போறார், நீங்க இன்னும் பேப்பரைச் சாய்ச்சுக்கிட்டு இருங்க" என்றாள் என் மனைவி. மறுநாளே கடைக்குக் கிளம்பினேன்.

நான் எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் என் கை படாத தராசு கிடையாது, என் முத்திரை விழாத அளவுகோல் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் மேஜையின் அளவை எடுக்காமல் விளக்குக் கடைக்குப் போய் நின்றேன். அங்கே வேலை செய்யும் பெண், "டேபிள் அகலம் எவ்வளவு சார்?" என்று கேட்டாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. டேப்பை எடுத்து வந்து என் கைகளுக்கு நடுவே வைத்து, "நாலடி ரெண்டு அங்குலம். கொஞ்சம் மூச்சை விடுங்க சார்... இப்ப நாலடி" என்று எழுதிக்கொண்டாள். ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள் கவிழ்ந்த மாதிரி ஒரு பித்தளை விளக்கு அங்கே எனக்கு மிகவும் அடக்கமாகத் தெரிந்தது. கடையின் கூரை இருபதடி உயரம், அதில் ஐம்பது விளக்கு தொங்குகிறது, எது தொங்கினாலும் அடக்கமாகத்தான் தெரியும் என்பது வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோதுதான் உறைத்தது. என் மகன் நாற்காலி மேல் ஏறி அதை மேஜைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். எதிரில் உட்கார்ந்த என் மனைவிக்கு என்னுடைய மோவாய் மட்டும் தெரிந்ததாம். "இது விளக்கா, கூரையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். திருப்பிக் கொடுத்தேன். இந்த முறை மேஜையை அளந்துகொண்டு போனேன். அகலம் மூன்றடிதான். என் கை எப்போதுமே கொஞ்சம் தாராளம். இரண்டாவதாக வெளியே கரும்பச்சையும் உள்ளே வெள்ளையுமாக, ஒன்றரை அடி அகலத்தில், குடை மாதிரி ஒற்றை விளக்கு வாங்கினேன். எல்லோருக்கும் பிடித்தது. அதற்கு வாங்கிய பல்பைப் படுக்கையறை விளக்கில் போட்டு, மேஜை மேல் கொண்டு வந்து வைத்துப் பார்த்தோம். பளீரென்ற வெள்ளை. நால்வரும் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்தவர்கள் போல் இருந்தோம். உங்கள் மகள் மெதுவாக, "மஞ்ச வெளிச்சம் வாங்கினா நல்லா இருக்கும் மாமா" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்றாவது முறை கடைக்குப் போனபோது எனக்கு நாற்காலி போட்டார்கள்.

இனி மாட்டவேண்டும். எங்கள் தெருவுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் உண்டு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, தெரு வைத்த பெயர் 'நாளைக்கு'. எப்போது கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆறு நாள் எனக்கும் அதையே சொன்னார். ஏழாம் நாள், வியாழக்கிழமை, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மகன், "விடுங்கப்பா, வேற ஆளைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் மாடி வீட்டில் ஏணி வாங்கினேன், கீழ் வீட்டில் ட்ரில் மிஷின் வாங்கினேன், என் மனைவியை ஏணி பிடிக்கச் சொன்னேன். "இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடித்தாள். நான் இரண்டு நூலை அறையின் மூலைக்கு மூலை குறுக்கே கட்டி, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பென்சிலால் குறித்து, நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் கொடுத்த பித்தளை எடைக்கல்லை நூலில் தொங்கவிட்டுச் சரிபார்த்து, ஒரு மயிரிழை பிசகாமல் துளை போட்டேன். போட்டு முடித்து இறங்கிப் பார்த்தால் துளை அறையின் நட்டநடுவில் இருக்கிறது. மேஜையோ அலமாரிக்கு இடம் விட்டு இரண்டடி தள்ளி இருக்கிறது. என் மனைவி மேலே ஒரு தடவை பார்த்தாள், கீழே ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். எடைக்கல்லை மேஜையின் நடுவுக்கு நேராகத் தொங்கவிட்டுக் குறித்துக்கொண்டு மறுபடி ஏறினேன். இரண்டாவது துளை பாதியில் இருக்கும்போது ட்ரில் கூரைக்குள் சிக்கிக்கொண்டது, இழுத்தால் வரவில்லை. அண்ணாந்து வாயைத் திறந்து இழுத்ததில் காரை முழுக்க வாய்க்குள் விழுந்தது. எடைக்கல் நூலை விட்டுக் கழன்று மேஜை மேல் விழுந்து ஒரு பள்ளம் போட்டது. சரி, இது இப்படியே தொங்கட்டும், அதற்குள் ஒயர் வேலையைப் பார்ப்போம் என்று கூரையில் நீட்டிக்கொண்டிருந்த பழைய ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

நான் அவ்வளவு முட்டாள் இல்லை சம்பந்தி. ஏறுவதற்கு முன்பே மெயின் பெட்டியில் 'சாப்பாட்டு அறை' என்று எழுதியிருந்த ஸ்விட்சை அணைத்திருந்தேன். அணைத்ததும் வீட்டில் ஏதோ ஒரு உறுமல் நின்றது, அதை வைத்து மின்சாரம் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அந்தச் சமயத்தில்தான் உங்கள் மகள் வேலையிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றாள். "மாமா, கையை எடுங்க" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே கிடையாது. என் மேலதிகாரிகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கை தானாகக் கீழே வந்துவிட்டது. "மெயினை அணைச்சுட்டேன்மா" என்றேன். "நீங்க அணைச்சது ஃபிரிட்ஜை" என்று சொல்லி, அறை ஸ்விட்சைத் தட்டினாள். அலமாரிக்குப் பின்னால் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்த யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன எழுத்தை நம்பியிருக்கிறேன். நான் ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி ஏணியை விட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள். மேற்கொண்டு இதை விவரித்து உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

உங்கள் மகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கைப்பையைத் திறந்து ஒரு டெஸ்டரை எடுத்தாள். பெண்களின் கைப்பைக்குள் என்னதான் இருக்கும் என்பது முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்குத் தெரிந்ததில்லை. ஒரு டெஸ்டர் இருக்கும் என்பது மட்டும் இப்போது தெரியும். சரியான ஸ்விட்சை அணைத்தாள், ஒயரைத் தொட்டுச் சோதித்தாள், இன்னொரு முறையும் சோதித்தாள். சிக்கிய ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு, பல் பிடுங்குகிறவர் மாதிரி ஒரே இழுப்பில் எடுத்தாள். "இந்த ரெண்டாவது துளை சரியான இடந்தான் மாமா, நல்லாப் போட்டிருக்கீங்க" என்று என் மனம் நோகாமல் ஒரு வார்த்தையும் சொன்னாள். பிறகு விளக்கை உடனே மாட்டவில்லை. ஒரு அட்டையை விளக்கின் அளவுக்கு வட்டமாக வெட்டி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "அத்தை, நேரா பாருங்க. மாமா முகம் தெரியுதா?"

"தெரியுது. அது ஒண்ணுதான் குறை."

மேஜையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிறுத்தினாள். கொக்கியை முடுக்கி, முதலில் தன் பலம் முழுவதையும் போட்டு அதில் தொங்கி இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் விளக்கை ஏற்றினாள். நான் ஒயரை ஏந்திக்கொண்டு கீழே நின்றேன். "இதையெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். இங்கேதான் சம்பந்தி, உங்கள் மீதான குற்றச்சாட்டு வருகிறது. கல்யாணம் பேச வந்த அன்று, "எங்க பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, நீங்கதான் பக்குவமா சொல்லிக் கொடுக்கணும்" என்றீர்கள். நானும் ஒரு வருடம் இரண்டு மாதமாக அவளுக்குப் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன், கேஸ் அடுப்பை எப்படி அணைப்பது என்பது உட்பட. அவளோ கல்லூரி நாடகக் குழுவில் மூன்று வருடம் விளக்குப் பொறுப்பு பார்த்தவளாம். பன்னிரண்டு நாடகம். ஒவ்வொன்றுக்கும் நாற்பது விளக்கு, முப்பதடி உயரத்தில், இரும்புக் குழாயில் நடந்து போய் மாட்டினவளாம். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன். ஏணி மேலிருந்து சிரித்தாள். "மேடை ஏறக் கூடாதுன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லிட்டார் மாமா. நான் ஏறவே இல்ல. மேடைக்கு மேல ஏறினேன்." இதற்காக அவளைக் கடிந்துகொள்ள உங்களுக்கு இப்போது உரிமை கிடையாது. அந்த முப்பதடி உயரத்துக்கு அவள் ஏறியிருக்காவிட்டால், இந்த ஆறடி ஏணியில் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதை மட்டும் யோசியுங்கள்.

இன்னொன்றும் சொன்னாள், அதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "வந்த முதல் நாளே இந்த மேஜையைப் பாத்து நினைச்சேன் மாமா, இங்க ஒரு விளக்கு தொங்கினா எவ்வளவு நல்லா இருக்கும்னு. புதுசா வந்தவ குறை சொல்றாளேன்னு நினைப்பீங்களோன்னு சொல்லல. அப்பா அந்தத் தண்ணியைக் குடிச்சப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்தப் பூச்சாடியை அங்க வெச்சதே நாந்தான்." நான் வாயில் மிச்சம் இருந்த காரையையும் சேர்த்து விழுங்கினேன். எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று கல்யாணத்தில் பத்துப் பேர் சொன்னார்கள். எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுதானே என்று தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அளவுகோலோடு வாழ்க்கையை ஓட்டியவன், வீட்டிலேயே இருந்த ஆளை அளக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

விளக்கு எரிந்தது. மேஜை மேல் மட்டும் வட்டமாக, இளம் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டு வந்து அதற்கடியில் வைத்து வைத்துப் பார்த்தாள், பிறகு அவளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிறவள், அன்றைக்குத்தான் எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மகன் வந்து பார்த்துவிட்டு, "யாருப்பா மாட்டினது?" என்றான். "உன் பெண்டாட்டி" என்றேன். அவனுக்கும் அவள் கதை தெரியாது. கைகழுவக்கூட மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு 'நாளைக்கு' வந்து சேர்ந்தார். கொக்கியைப் பார்த்தார், ஒயரை மறைத்த மூடியைப் பார்த்தார், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், "எந்தக் கம்பெனி ஆளு சார்? சுத்தமான வேலையா இருக்கே" என்றார். "எங்க மருமக" என்றாள் என் மனைவி. அப்படி அவள் சொன்ன தோரணையை நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும். அவர் தயங்கித் தயங்கி, "பின் தெருவுல இதே மாதிரி ஒரு வேலை இருக்கு, வந்து பாப்பாங்களா?" என்று கேட்டார். நான், "நாளைக்கு" என்றேன்.

ஆகவே சம்பந்தி, அவள் உங்கள் மகள் என்று நீங்கள் பெருமைப்படுவதற்கு முன்பாக, எங்கள் மருமகள் என்று நான் முந்திக்கொள்கிறேன். நான்கு நாளாகத் தெருவில் பார்க்கிறவர்களையெல்லாம் வீட்டுக்குள் கூட்டி வந்து விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தபால்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து அந்த விளக்கின் அடியில் உட்கார்ந்து, எது குவளை எது சாடி என்று தெளிவாகப் பார்த்து, ஆற அமரச் சாப்பிட வேண்டும். உங்கள் முழங்கால் வலி நீங்கவும், சம்பந்தி அம்மாள் நீடூழி வாழவும், உங்கள் வீட்டில் எல்லா அறைகளும் பிரகாசமாக இருக்கவும் வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் ஒரு சிறு மாறுதல். அவ்வளவு நல்ல வெளிச்சம் வந்ததும் மேஜையில் இருந்த கீறலும் கறையும் பள்ளமும் என் மனைவியின் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டன. இன்று காலை தச்சர் வந்து பாலீஷ் போட மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், வர பத்து நாள் ஆகும். இப்போது விளக்கு வெறும் இடத்தில் தொங்குகிறது. நான் இதுவரை மூன்று முறை முட்டிக்கொண்டுவிட்டேன், நீங்கள் என்னைவிட உயரம். அதனால் ஞாயிறன்று ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதாக ஏற்பாடு. இதை உங்கள் மகளிடம் சொன்னதிலிருந்து அவள் ஹாலின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறாள். மாடி வீட்டில் ஏணியைத் திருப்பிக் கேட்டார்கள். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.